கைமாறும் படகு

படகுக்காரர் நோயில் படுத்தால் அவருடைய மரப்படகும் சேர்ந்து படுத்துவிடும். மரத்தின் இயல்பு அப்படி. முதுகோ இதயமோ மூட்டோ கைவிட்டு, மனிதர் துறைக்குப் போவது நின்றதும் படகைக் கரையேற்றுகிறார்கள். மேலே தார்ப்பாய் போட்டு இறுகக் கட்டுகிறார்கள். உடம்பு தேறியதும் இறக்கிக்கொள்ளலாம் என்று வீட்டார் ஆறுதல் சொல்கிறார்கள். அவர் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைகிற மாதங்களில், தார்ப்பாய்க்கு அடியில் பலகைகள் சுருங்குகின்றன, இடுக்குகள் வாய் திறக்கின்றன, மூலையில் தேங்கிய மழைநீரைப் பிடித்துக்கொண்டு பூஞ்சை பரவுகிறது. பல்லாண்டு கடலில் அலையைத் தாங்கிய படகு, யாரும் தொடாமல் கிடந்த சில ஆண்டுகளில் விறகாகிவிடக்கூடும்.

அதனால்தான் படகின் மேல் உயிரை வைத்திருப்பவர்கள், இனித் தம்மால் முடியாது என்று தெரிந்ததும் அதை ஒரு நண்பரிடம் கொடுத்துவிடுகிறார்கள். விலை பெரும்பாலும் பெயருக்குத்தான். சிலர் அதையும் வாங்குவதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை மட்டும் இருக்கும்: வாங்கி வைத்திருக்கக் கூடாது, ஓட்ட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அதில் பிரிவின் துயரம் தெரியும். மரத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் அறிந்துகொண்டு பார்த்தால், அந்த நிபந்தனை எவ்வளவு துல்லியமான மருத்துவக் குறிப்பு என்பது தெரியவரும்.

ஒரு பலகையின் சீவலை நுண்ணோக்கியில் வைத்தால், ஒரே வாக்கில் அடுக்கிய வைக்கோல் கட்டுப் போலத் தெரியும். ஒவ்வொரு வைக்கோலும் ஒரு செல். நடுவே வெற்றிடம், சுற்றிலும் சுவர். சுவர் செல்லுலோஸ் இழைகளால் ஆனது, லிக்னின் என்ற பொருள் அவற்றைப் பசையாகப் பிணைக்கிறது. தண்ணீர் இதற்குள் இரண்டு கட்டமாக ஏறும். முதலில் சுவருக்குள் புகுந்து இழைகளின் இடையே ஒட்டிக்கொள்ளும். இழைகள் விலகும், மரம் உப்பும். மரத்தின் உலர் எடையில் ஏறக்குறைய 28 முதல் 30 சதவீத அளவுக்கு நீர் ஏறியதும் சுவர்கள் நிறைந்துவிடும். அதற்கு மேல் வரும் நீர் நடு வெற்றிடங்களுக்குப் போகிறது. எடை கூடும், பருமன் கூடாது. மழைக்காலத்தில் வீட்டுக் கதவு நிலையில் சிக்கிக்கொள்வதும் கோடையில் தளர்ந்து கொடுப்பதும் இந்த முதல் கட்ட நீரின் வேலை.

உப்புவதும் சுருங்குவதும் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக நடப்பதில்லை. நீளவாக்கில் மாற்றம் இல்லையென்றே சொல்லலாம். அகலவாக்கில்தான் எல்லாம் நடக்கிறது. படகு கட்டப் பேர்பெற்ற வெள்ளை ஓக் பச்சை நிலையிலிருந்து முழுக்க உலரும்போது, வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில் 10.5 சதவீதமும் வளையங்களுக்குக் குறுக்கே 5.6 சதவீதமும் சுருங்கும். தேக்கில் அந்த எண்கள் 5.8, 2.5. கப்பல் கட்டியவர்கள் தேக்கைத் தேடி அலைந்ததற்கு அதன் எண்ணெய்ப் பசை ஒரு காரணம், இந்தச் சிறிய எண்கள் இன்னொரு காரணம். கடலில் ஊறிக் கிடந்த 15 செ.மீ. அகல ஓக் பலகை, கரையில் உலர்ந்து 12 சதவீத ஈரத்துக்கு வந்தால், அறுத்த வாக்கைப் பொறுத்து 5 முதல் 9 மில்லிமீட்டர் வரை குறுகும். அப்படிப் பத்துப் பன்னிரண்டு பலகைகள் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கின்றன. தார்ப்பாயை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தால் பலகைகளின் நடுவே பகல் வெளிச்சம் தெரிவது இதனால்தான்.

பலகைகளின் இடுக்கை அடைக்கிற வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். வெளிப்பக்கம் அகன்று உள்ளே ஒடுங்கும் இடுக்கில் பஞ்சுத் திரியையோ தார் தோய்த்த நாரையோ உளி வைத்து அடித்து ஏற்றி, மேலே பிசின் பூசுவார்கள். நம் கரையில் குங்கிலியத்தை எண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சிப் பூசினார்கள். ஆனால் கலப்பத்து தனியாக எந்தப் படகையும் காப்பாற்றியதில்லை. நீரில் இறங்கியதும் பலகைகள் உப்பி ஒன்றையொன்று நெருக்குகின்றன. அந்த நெருக்குதல்தான் பஞ்சை இறுகப் பிடித்து இடுக்கை மூடுகிறது. தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது தண்ணீரே. படகு கட்டும் கலையில் இதைவிட எனக்கு வியப்பான செய்தி வேறில்லை.

இதைத் தெரியாமல் பழைய படகை வாங்கியவர்கள் அதைக் கொன்றிருக்கிறார்கள். கரையில் காய்ந்த படகில் அகன்ற இடுக்குகளைப் பார்த்ததும் பயம் வரும். கையில் கிடைத்ததையெல்லாம் திணித்து, சுத்தியால் அடித்து, இடைவெளியே இல்லாமல் அடைத்துவிடுவார்கள். பிறகு நீரில் இறக்குகிறார்கள். பலகை உப்புகிறது, உப்புவதற்கு இடம் இல்லை. விலா மரங்களை நெட்டித் தள்ளுகிறது, ஆணிகளைப் பிடுங்குகிறது. ஊறும் மரத்தின் விசை அவ்வளவு பெரியது. பாறையில் துளையிட்டு உலர்ந்த மர ஆப்பை இறக்கி, நீர் ஊற்றி அதைக் கொண்டே பாறையைப் பிளந்த பழைய முறையும் இந்த விசையை நம்பியதுதான். படகைக் கொடுக்கிற நண்பர் பேசக்கூடிய நிலையில் இருந்தால் ஒரே வரியில் எச்சரித்திருப்பார்: அடைக்காதே, முதலில் ஊறவிடு.

சோழமண்டலக் கரையில் கட்டுமரம் ஓட்டியவர்கள் இதற்கு நேர் எதிராகச் செய்தார்கள். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் இழுத்துப் போட்டு உலர்த்தினார்கள். இரண்டு வழக்கமும் சரிதான். பலகைப் படகை மிதக்கவைப்பது அதன் குழிந்த உடம்புக்குள் இருக்கும் காற்று. அந்தக் காற்றைக் காக்க மரம் ஈரமாக இருந்தாக வேண்டும். கட்டுமரத்தை மிதக்கவைப்பது மரத்தின் செல்களுக்குள்ளேயே இருக்கும் காற்று. அந்த வெற்றிடங்களில் நீர் ஏறினால் மரம் கனத்து அமிழும். அதே கரையில் கொந்தளிக்கும் அலையைக் கடக்க ஓடிய மசூலா படகில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்து, தையலின் அடியில் நாரோ வைக்கோலோ வைத்து இறுக்கினார்கள். அலை மோதினால் உடம்பு நெளிந்து கொடுத்தது. தளர்ந்தால் பிரித்து மறுபடி தைத்தார்கள். ஒவ்வொரு வகைப் படகுக்கும் தன் மருந்து தனி. ஒன்றுக்குரியதை இன்னொன்றுக்குக் கொடுத்தால் அது நஞ்சாகும்.

சுருக்கம் திரும்பக்கூடிய நோய். நீரில் இறக்கினால் பெரும்பாலும் தேறிவிடும். மக்கல் அப்படியல்ல. மரத்தைத் தின்னும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் மிதமான வெப்பமும் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அதனால் வளர முடியாது. மரம் முழுக்க ஊறி வெற்றிடமெல்லாம் நீரால் நிறைந்தாலும் ஆக்ஸிஜன் இல்லாமல் அடங்கிவிடும். இரண்டுக்கும் இடைப்பட்ட அரைகுறை ஈரம்தான் அதற்கு வாழ்வு. கடலில் கிடக்கும் படகின் அடிப்பாகம் எப்போதும் ஊறிக் கிடப்பதால் பூஞ்சை அங்கே நெருங்குவது அரிது. உப்பும் அதற்கு ஆகாது. ஆபத்து மேலிருந்து மழையாக வருகிறது. தளத்தின் விளிம்பிலும், விலா மரமும் பலகையும் சேரும் மூலையிலும், பாய்மரம் இறங்கும் துளையிலும் நல்ல தண்ணீர் தங்கும். அங்கேதான் மக்கல் தொடங்கும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் கப்பல் கட்டியவர்கள் விலா மரங்களின் இடைவெளியில் கல்லுப்பைக் கொட்டி வைத்தார்கள். ஒழுகி வரும் மழைநீர் உப்பைக் கரைத்துக்கொண்டு மரத்துக்குள் இறங்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். பூஞ்சை என்ற உயிரினத்தின் வாழ்க்கை முறை விளங்குவதற்கு முன்பே கண்டறிந்த வைத்தியம் இது.

படகை ஓட்டுகிறவர் இந்த வைத்தியத்தைத் தன்னை அறியாமல் தினமும் செய்கிறார். கடல்நீரை அள்ளித் தளத்தைக் கழுவுகிறார், அடியில் சேர்ந்ததை இறைக்கிறார், மூடிகளைத் திறந்து போட்டு உள்ளே காற்றோடவிடுகிறார். கால் வைக்கும்போது ஒரு பலகை வழக்கத்தைவிட மெத்தென்று இருந்தால் அவருடைய பாதத்துக்கு அது தெரியும். நோயில் படுத்தவரின் படகுக்கு இந்தக் கழுவலும் இறைப்பும் காற்றும் தொடுகையும் ஒரே நாளில் நின்றுபோகின்றன. மேலே இறுகக் கட்டிய தார்ப்பாய் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. பாசத்தோடு மூடியது பூஞ்சைக்கு வசதியாகிவிடுகிறது.

கைமாறிய படகுகளில் உலகம் அறிந்த ஒன்று உண்டு. 1892ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பாய்க்கப்பல்களின் காலம் முடிந்து வேலையில்லாமல் பாஸ்டனில் இருந்தார் கேப்டன் ஜோஷுவா ஸ்லோக்கம். ஐம்பதை நெருங்கும் வயது. பழைய நண்பரும் திமிங்கில வேட்டைக் கப்பல்களின் கேப்டனாக இருந்தவருமான ஏபென் பியர்ஸ் அவரைச் சந்தித்து, ஃபேர்ஹேவனில் ஒரு கப்பல் இருக்கிறது, தருகிறேன், கொஞ்சம் பழுதுபார்க்க வேண்டும் என்றார். மறுநாள் ஸ்லோக்கம் போய்ப் பார்த்தால், கடலிலிருந்து தள்ளி ஒரு வயல்வெளியில், கான்வாஸ் போர்த்தி முட்டுக் கொடுத்து நிறுத்திய ஸ்ப்ரே என்ற பழம்படகு நின்றது. ஏழு ஆண்டுகளாக அது அங்கேயே கிடந்தது. இங்கே கொடுத்தவர் முதியவர். நோயில் கிடந்தது படகு. உடைக்கப் போகிறீர்களா என்று ஊரார் கேட்டார்கள். இல்லை, கட்டப் போகிறேன் என்றார் ஸ்லோக்கம்.

அருகில் நின்ற ஓக் மரத்தை வெட்டி, ஏரா எனப்படும் அடிமரத்தைச் செதுக்கினார். விலா மரங்களை நீராவிப் பெட்டியில் வைத்து வளைத்தார். செல்களைப் பிணைக்கும் லிக்னின் ஈரத்தோடு சேர்ந்து ஏறக்குறைய 100 டிகிரி வெப்பத்தை அடைந்ததும் இளகிக்கொடுக்கும். அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்பது தச்சர்களின் கணக்கு. எடுத்ததும் சில நிமிடங்களுக்குள் அச்சில் வைத்து வளைத்துப் பிடித்தால், ஆறும்போது லிக்னின் மறுபடி இறுகி வளைவைத் தாங்கிக்கொள்ளும். பக்கங்களுக்கு ஒன்றரை அங்குலக் கனத்தில் ஜார்ஜியா பைன் பலகை. முடித்தபோது 13 மாத உழைப்பும் 553 டாலர் 62 சென்ட்டும் ஆகியிருந்தது. பழைய ஸ்ப்ரேயின் மரம் அனேகமாக எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் அவர் அதைப் புதுப் படகு என்று ஒருபோதும் சொல்லவில்லை. பழுது முடிந்து புதிது தொடங்கும் இடம் எது என்று சொல்வது கடினம் என்றே கருதினார்.

அவர் கருதியது சரி என்பதற்கு இயற்பியலில் ஆதாரம் இருக்கிறது. 1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து தனியாளாகப் புறப்பட்டு, 46,000 மைல் ஓடி, 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட்டுக்கு வந்து சேர்ந்தார். தனியாளாக உலகைச் சுற்றிய முதல் பயணம் அது. அதில் ஒரு கட்டம் எல்லாரையும் திகைக்க வைத்தது. ஆஸ்திரேலியாவின் தர்ஸ்டே தீவிலிருந்து இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகள் வரை 2,700 மைல், 23 நாள். அத்தனை நாளிலும் அவர் சுக்கானைப் பிடித்தது மூன்று மணி நேரம்கூட இல்லை. சுக்கானைக் கட்டிவிட்டுப் படித்தார், சமைத்தார், தூங்கினார். படகு தானே வழியைப் பிடித்து ஓடியது.

பாயின் மேல் காற்று தள்ளும் விசைக்கு ஒரு மையம் உண்டு. நீரில் மூழ்கிய பக்கம் அந்தத் தள்ளுதலை எதிர்த்து நிற்பதற்கு இன்னொரு மையம் உண்டு. இரண்டும் விலகியிருந்தால் படகின் முகம் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருக்கும். ஓட்டுகிறவர் சுக்கானால் அதோடு மல்லுக்கட்ட வேண்டும். படகு சாயும்போது மூழ்கும் வடிவம் மாறுவதால் சிக்கல் இன்னும் கூடும். 36 அடி 9 அங்குல நீளத்துக்கு 14 அடி 2 அங்குல அகலம் கொண்ட தடித்த படகு ஸ்ப்ரே. அது இவ்வளவு நேராக ஓடியது எப்படி என்று 1909இல் ஆண்ட்ராட் என்ற பொறியாளர் அதன் வரைகோடுகளை ஆராய்ந்தார். விசை மையங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே குறுக்குவெட்டுக் கோட்டில் வந்து விழுவதைக் கண்டு வியந்து எழுதினார். அந்தச் சமநிலை புதிய பைன் பலகையிலோ புதிய ஓக்கிலோ இல்லை. வயலில் கிடந்த உடம்பின் வளைவில் இருந்தது. பெயர் தெரியாத ஒரு பழைய தச்சர் அதை அமைத்திருந்தார், பியர்ஸ் உடைத்துப் போடாமல் வைத்திருந்தார், ஸ்லோக்கம் பலகை பலகையாக மாற்றும்போது கெடாமல் காத்தார்.

மரத்துக்கு அடுத்த நோய் ஆணியில் இருக்கிறது. இரும்பு ஆணி துருப்பிடித்தால் துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். சுற்றியுள்ள மரத்தைப் பிளக்கும். ஓக்கில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு இரும்பு சேர்ந்து மரம் கறுக்கும். இரண்டு உலோகங்கள் ஒரே படகில் இருந்தால், கடல்நீர் இடையில் நின்று இரண்டையும் ஒரு மின்கலமாக்கிவிடும். பிரிட்டிஷ் கடற்படை இதைப் பெரும் செலவில் கற்றுக்கொண்டது. மரத்தை அரிக்கும் கப்பல் புழுவைத் தடுக்க 1761இல் அலார்ம் என்ற போர்க்கப்பலின் அடிக்குச் செம்புத் தகடு போர்த்தினார்கள். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது தகடு பல இடங்களில் கழன்றிருந்தது. செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் கரைந்துபோயிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் தற்செயலாக இடையில் தங்கிய இடங்களில் மட்டும் ஆணிகள் நல்ல நிலையில் இருந்தன.

1824இல் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி இந்த மின்கலத்தையே மருந்தாக்கினார். செம்புத் தகட்டில் துத்தநாகமோ இரும்போ சிறு துண்டாகப் பொருத்தினால், அந்தத் துண்டு தான் கரைந்து செம்பைக் காக்கும். இன்றும் படகுகளின் அடியில் திருகி வைக்கும் துத்தநாகக் கட்டி அவர் தந்ததுதான். டேவிக்கு அப்போது எதிர்பாராத தோல்வியும் வந்தது. செம்பு கரையாமல் நின்றதும் அதில் சிப்பியும் பாசியும் மொய்த்துக் கப்பலின் வேகம் குறைந்தது, ஏனென்றால் அவற்றை விரட்டியது கரைந்து வந்த செம்பின் நஞ்சு. மரப்படகில் இன்னொரு சிக்கலும் உண்டு. துத்தநாகத்தை அளவுக்கு மீறிப் பொருத்தினால், காக்கப்படும் ஆணியைச் சுற்றிக் காரம் சேர்ந்து மரத்தை இளக்கிவிடும். ஆணி பளபளவென்று இருக்கும், அதைப் பிடித்திருந்த மரம் கூழாகியிருக்கும். ஆகவே எந்த ஆணி, எந்த ஆண்டு அடித்தது, துத்தநாகம் எத்தனை கட்டி என்பதெல்லாம் பழைய உரிமையாளர் சொல்லியே தீர வேண்டிய மருத்துவ வரலாறு.

கப்பல் புழு என்று நாம் சொல்வது புழுவே அல்ல, சிப்பி இனத்தைச் சேர்ந்தது. குஞ்சாக இருக்கும்போது ஊசித் துளை அளவில் மரத்துக்குள் நுழையும். தலைப்பக்கம் உள்ள சின்னச் சிப்பியோட்டை அரமாக்கி அரைத்துக்கொண்டு உள்ளே போகும், சென்ற வழியெல்லாம் சுண்ணாம்பு பூசிக்கொள்ளும். அதன் செவுளில் வாழும் பாக்டீரியாக்கள் செல்லுலோஸைச் செரிக்க வேண்டிய நொதிகளையும், மரத்தில் கிடைக்காத நைட்ரஜன் சத்தையும் அதற்கு ஆக்கித் தருகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் பலகை முழுசாக இருக்கும். உள்ளே ஒன்றும் இருக்காது. கொலம்பஸின் நான்காம் பயணத்தில் மிஞ்சிய இரண்டு கப்பல்களையும் புழு அரித்துத் தீர்த்ததால், 1503இல் அவர் ஜமைக்காவில் கரையேற்றிவிட்டு அங்கேயே சிக்கிக் கிடந்தார். உப்புக் குறைந்த நீரில் இந்த உயிர் வாழாது. 1628இல் ஸ்டாக்ஹோமில் மூழ்கிய வாசா கப்பலை 1961இல் ஏறக்குறைய முழுதாக வெளியே எடுக்க முடிந்ததற்கு பால்டிக் கடலின் குறைந்த உப்பு பெரிய காரணம். படகை அவ்வப்போது ஆற்றுமுகத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தும் பழக்கம் பல கரைகளில் இருந்தது. ஓய்வுக்கு என்று தோன்றினாலும் அது சிகிச்சை.

எல்லா மருந்தும் தோற்கிற நிலையும் வரும். பிரான்ஸின் பிரெத்தாஞ்ஞ் கரையில் அப்படி ஒரு படகு கைமாறியது. ஸ்காட்லாந்தின் வில்லியம் ஃபைஃப் வரைந்து, 1898இல் அயர்லாந்தின் கார்க் துறைமுகத்தை ஒட்டிக் கட்டிய பந்தயப் படகு. 1938இல் கி தபர்லி அதை வாங்கினார். பென் டுயிக் என்ற பெயர் கொண்ட அந்தப் படகிலேயே அவர் மகன் எரிக் பாய் விரிக்கக் கற்றுக்கொண்டார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு படகைப் பேணத் தந்தையால் முடியவில்லை. விற்கவும் முடியாத நிலைக்கு அது வந்திருந்தது. 1952இல் மகனிடம் கொடுத்தார். ஆராய்ந்தபோது உடம்பு முழுக்க மக்கியிருந்தது, மாற்றுவதென்றால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். கடற்படையில் இளம் விமானியாக இருந்த எரிக்கிடம் அவ்வளவு பணம் இல்லை.

அவர் செய்தது அன்றைக்குத் துணிச்சலான காரியம். மக்கிய உடம்பையே அச்சாக வைத்து, அதன் மேல் கண்ணாடி இழைத் துணியையும் பாலியெஸ்டர் பிசினையும் அடுக்கடுக்காகப் பூசினார். 1958இல் அந்த அச்சிலிருந்து புது உடம்பு பிறந்தது. பிசின் திரவமாக இருக்கும்போது வடிவத்தின் ஒவ்வொரு வளைவையும் நிரப்பிக்கொள்ளும். வினையூக்கி கலந்ததும் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்கும் கோத்துக்கொண்டு இறுகிவிடும், பிறகு இளகாது. கண்ணாடி இழை இழுவிசையைத் தாங்கும், பிசின் இழையை இடத்தில் நிறுத்தும். சாகிற மரம் தன் கடைசி வேலையாக வடிவத்தைக் கொடுத்துவிட்டுப் போனது. ஃபைஃப் 1898இல் வரைந்த கோடுகள் பிசினில் நின்றன. ஸ்லோக்கம் பலகை பலகையாகச் செய்ததை எரிக் ஒரே அச்சில் செய்தார் என்று சொல்லத் தோன்றுகிறது. மரத்தையே விரும்புகிற பலருக்கு அது உறுத்தலாம். எனக்கு அதில் குறை தெரியவில்லை, ஏனென்றால் மாற்று வழி விறகுக் குவியல்.

எரிக் தபர்லி பின்னாளில் பிரான்ஸின் புகழ்பெற்ற கடலோடியானார். தன் அடுத்தடுத்த பந்தயப் படகுகளுக்கெல்லாம் பென் டுயிக் என்ற பெயரையே எண்ணோடு வைத்தார். 1998இல், நூறு வயதான முதல் பென் டுயிக்கில் ஸ்காட்லாந்து விழாவுக்குப் போகும் வழியில், ஜூன் 12க்கும் 13க்கும் இடைப்பட்ட இரவில் வேல்ஸ் கரைக்கு அப்பால் கடலில் விழுந்து இறந்தார். படகு வேறு கைகளுக்குப் போனது, ஓடிக்கொண்டிருக்கிறது.

கை மாறும்போது கூடவே போக வேண்டியது அறிவு. 1930களில் இலங்கையின் வல்வெட்டித்துறைத் தச்சர்கள் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாற்றினார். 1938இல் அது மாசசூசெட்ஸின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தபோது அதை ஓட்டி வந்தவர்கள் வல்வெட்டித்துறை மாலுமிகள். உரிமைப் பத்திரமும் பெயரும் மாறலாம். இந்தக் கயிறு எந்தக் காற்றில் எவ்வளவு இழுக்கும் என்ற அறிவு அவர்கள் கையில் இருந்தது. 2021இல் யுனெஸ்கோ நார்டிக் நாடுகளின் மரப்படகு மரபைத் தன் பட்டியலில் சேர்த்தபோது எந்தப் படகையும் குறிப்பிட்டுச் சேர்க்கவில்லை. கட்டும் பழக்கத்தையும் ஓட்டும் பழக்கத்தையும் சேர்த்தது. அதைவிடச் சரியான முடிவு இருக்க முடியாது.

ஆகவே உடம்புக்கு முடியாத நண்பர் ஒருவர் தன் படகை எடுத்துக்கொள் என்று சொன்னால், நன்றி சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது. அவருக்குப் பேச முடிகிற நேரம் பார்த்து, நாற்காலியோடு படகருகே கொண்டுவந்து உட்கார வைத்துப் பேசச் சொல்ல வேண்டும். கடைசியாகக் கலப்பத்து எந்தப் பருவத்தில் அடித்தது? அப்போது மரம் ஈரமாக இருந்ததா, காய்ந்திருந்ததா? மாற்றிய பலகை எது, அதன் மரம் எது? செம்பாணி எங்கே, இரும்பாணி எங்கே? மழைநீர் எந்த மூலைக்கு ஓடும், அது வடிகிற துளை எது? சுத்தியால் பலகை பலகையாகத் தட்டிக்கொண்டே போகலாம். நல்ல மரம் கணீரென்று பேசும், மக்கியது தொப்பென்று அடங்கும். இருபது ஆண்டு பழகிய காதுக்கு நடுவிலுள்ள ஓசைகளும் தெரியும். அவர் தலையசைக்கும் இடத்தையும் முகம் சுளிக்கும் இடத்தையும் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிப் படகிலேயே வைத்துவிட வேண்டும், ஏனென்றால் இது மறுபடியும் கைமாறும்.

அதன் பிறகு இறக்கலாம். சில நாள் முன்பிருந்தே நனைந்த சாக்குகளை உள்ளே பரப்பி, கடல்நீர் ஊற்றி ஊறவைத்தால் நல்லது. கட்டுத்துறையில் ஆழம் குறைந்த இடமாகப் பார்த்து, கயிற்றைக் கட்டி, ஆளோ பம்போ வைத்து இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நாள் ஒழுகுவது கண்டு பதற வேண்டியதில்லை. நாளுக்கு நாள் குறைகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எத்தனை நாளில் அடங்கும் என்பது மரத்துக்கு மரம், படகுக்குப் படகு மாறும். உங்கள் படகுக்கு எத்தனை நாள் என்பதை அந்த நாற்காலியில் இருப்பவர் அறிவார்.